செப்புக் காப்பு, மோதிரம், தாயத்து: புளியைக் கையில் எடுக்கும் முன்

செப்பு நகை போட்டுக் கெடுவது குறைவு, கழுவிக் கெடுவதுதான் அதிகம். வெள்ளிக்கிழமை பூஜைச் சொம்பைத் தேய்க்கிற அதே புளி, அதே தேங்காய் நார் காப்பின் மேலும் ஏறும். ஆறு மாதத்தில் வரைவேலை மழுங்கிவிடும். தேய்த்த அன்று பளபளவென்று இருந்த மோதிரம் மூன்றாம் நாள் முன்னைவிடக் கறுப்பாகி, இடுக்கில் பச்சையும் பிடித்திருக்கும். அப்புறம் "இது நல்ல செம்பே இல்லை" என்று டப்பாவில் போட்டு மூடிவிடுவார்கள். குற்றம் செம்பின் மேல் இல்லை. கறையை எடுத்தவர்கள் புளிப்பை எடுக்காமல் விட்டார்கள், அவ்வளவுதான்.

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் இருப்பவர்களுக்குத் தண்ணீரும் சேர்ந்து படுத்தும். போர் தண்ணீரில் உப்பு அதிகம். கழுவி அப்படியே காயவிட்டால் வெள்ளைப் புள்ளிகள் படியும். அதைக் கறை என்று நினைத்து மறுபடி தேய்க்க ஆரம்பித்தால் அதற்கு முடிவே இருக்காது.

கீழே உள்ள வரிசையை மாற்றாமல் செய்யுங்கள். முதல் மூன்று படிகளில் நகையைத் தண்ணீரில் போடவே வேண்டாம். ஆனால் நகையைக் காப்பாற்றுவது அந்த மூன்றும்தான்.

1. கையில் இருப்பது செம்புதானா?

ஒரு காந்தத்தை நகையின் அருகில் கொண்டுபோங்கள். ஒட்டினால் உள்ளே இரும்பு, மேலே செம்பு முலாம். ஒட்டவில்லை என்பதால் மட்டும் முழுச் செம்பு என்று முடிவு கட்டாதீர்கள். பித்தளை, துத்தநாகம், அலுமினியம் எதுவுமே ஒட்டாது.

அடுத்து உள்பக்கத்தைப் பாருங்கள். நாள்பட்ட காப்பில், மணிக்கட்டு எலும்பில் உரசுகிற இடம் மட்டும் தேய்ந்து பளிச்சென்று இருக்கும். அந்த இடம் சிவப்பாக இருந்தால் செம்பு. மஞ்சளாக இருந்தால் பித்தளை. வெள்ளையாகவோ சாம்பலாகவோ தெரிந்தால் முலாம் போய் உள் உலோகம் எட்டிப் பார்க்கிறது. முலாம் பூசிய நகைக்குப் புளிப்பு எதுவும் ஆகாது. ஐந்தாம் படியில் சொல்கிற சோப்புத் தண்ணீரோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கவரிங் நகையில்தான் பலர் சறுக்குகிறார்கள். கவரிங்குக்கு அடி உலோகம் பெரும்பாலும் செம்புதான். மேல் முலாம் தேயத் தேயக் கழுத்தில் பச்சை படியும். "செம்புதானே, புளி போட்டால் போகும்" என்று தேய்த்தால், பச்சையோடு மிச்சமிருக்கும் தங்க முலாமும் போய்விடும்.

தோலில் பச்சை படிவது தூய செம்புக்கு அடையாளம் என்றும், உடம்புச் சூட்டைக் காட்டுகிறது என்றும் சொல்வார்கள். இரண்டும் இல்லை. வியர்வையின் உப்பும் அமிலமும் செம்போடு சேர்வதால் வருகிற நிறம் அது. பித்தளையும் பச்சை படியவைக்கும். சோப்புப் போட்டுக் கழுவினால் போய்விடும். பச்சையோடு அரிப்பு, தடிப்பு, கொப்புளம் இருந்தால் நகையைக் கழற்றிவிட்டுத் தோல் மருத்துவரைப் பாருங்கள். கலப்பு உலோகத்தில் நிக்கல் இருந்தாலும் அப்படி வரும்.

2. மேல்பூச்சு இருக்கிறதா? ஒரு சொட்டு எலுமிச்சையில் தெரிந்துவிடும்

கடையில் வாங்கும் செப்பு நகைகளில் பலவற்றுக்குக் கறுக்காமல் இருக்க நிறமில்லாத லாக்கர் பூசியிருப்பார்கள். கண்ணுக்குத் தெரியாது. பூச்சு இருக்கும்போது எவ்வளவு தேய்த்தாலும் பலன் இல்லை. ஆனால் பூச்சு கீறிவிடும். கீறலுக்குள் ஈரம் புகுந்து, பூச்சுக்கு அடியில் சிலந்தி வலை மாதிரி கறுப்புக் கோடு ஓடும்.

சோதிப்பது எளிது. காப்பின் உள்பக்கத்தில், வெளியே தெரியாத இடத்தில், ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டு அதன் மேல் நாலைந்து உப்புக் கல் தூவுங்கள். அரை நிமிடம் பொறுங்கள். ஈரத்துணியால் துடைத்தால், பூச்சு இல்லாத செம்பில் அந்தச் சொட்டு இருந்த இடம் மட்டும் வட்டமாக, உரித்த தோல் போல இளஞ்சிவப்பாகத் தெரியும். ஒரு நிமிடம் ஆகியும் நிறம் மாறவில்லை என்றால் பூச்சு இருக்கிறது. சோதித்த இடத்தைத் தண்ணீர் தொட்டுத் துடைத்துவிடுங்கள்.

பூச்சு நன்றாக இருந்தால் அதைத் தொடாதீர்கள். திட்டுத் திட்டாக உரிந்திருந்தால் முழுவதையும் எடுத்துவிடுவது நல்லது. அசிட்டோன் உள்ள நெயில் பாலிஷ் ரிமூவரைப் பஞ்சில் நனைத்துத் துடைத்தால் பெரும்பாலும் கரைந்து வந்துவிடும். அசிட்டோன் இல்லாத ரிமூவரும் விற்கிறார்கள், அது இந்த வேலைக்கு உதவாது, பாட்டிலைப் படித்துப் பார்த்து வாங்குங்கள். கல், மணி, பெயின்ட் வேலை உள்ள நகையில் அசிட்டோன் பட்டால் பசையும் நிறமும் கரையும். ஜன்னலைத் திறந்து வையுங்கள். அடுப்பு, விளக்கு எரிகிற இடத்தில் செய்யவே கூடாது, சட்டென்று தீப்பிடிக்கும்.

3. நிறத்தைப் பார்த்து நோயைக் கண்டுபிடியுங்கள்

காப்பிப் பொடி நிறத்தில் சீராக மங்கியிருந்தால் அது நோயே இல்லை. காற்றோடு சேர்ந்து செம்பு தானே போட்டுக்கொள்ளும் மெல்லிய போர்வை அது. அந்த நிறம் உங்களுக்குப் பிடித்திருந்தால் விட்டுவிடுங்கள். வரைவேலை உள்ள காப்புக்குப் பளபளப்பைவிட இந்த நிறமே அழகு.

கறுப்பு என்றால் பெரும்பாலும் கந்தகம் பட்டிருக்கிறது. சமையலறையில் வெங்காயம், பூண்டு, முட்டை வழியாக வரலாம். பெட்டியில் ரப்பர் பேண்டு சுற்றி வைத்ததாலும் வரலாம். வாங்கும்போதே பள்ளங்களில் மட்டும் கறுப்பாக, மேடுகளில் சிவப்பாக இருந்தால் அது ஆக்ஸிடைஸ்டு வேலை. வேண்டுமென்றே ஏற்றிய கறுப்பு, அதை எடுத்தால் டிசைன் தட்டையாகிவிடும். நெருப்பில் காட்டி வானவில் நிறம் ஏற்றிய நகைக்கும் புளிப்பு ஆகாது. நிறம் அத்தனையும் நிமிடத்தில் போய்விடும்.

பசை மாதிரி பச்சை, எண்ணெய்ப் பிசுக்கோடு இருந்தால், வியர்வையும் எண்ணெயும் செம்போடு சேர்ந்தது. இது சுலபமாகப் போகும்.

வெளிர்பச்சையாக, மாவு போல, புள்ளி புள்ளியாக வந்து, துடைத்தாலும் அதே இடத்தில் திரும்ப வந்தால்தான் கவலைப்பட வேண்டும். அந்தக் குழிக்குள் உப்பின் குளோரைடு தங்கியிருக்கிறது. ஈரம் பட்டபோதெல்லாம் உலோகத்தை அரித்துக்கொண்டே இருக்கும். இந்த நகையைக் கையாளும் விதம் ஏழாம் படியில் இருக்கிறது.

வெள்ளைப் புள்ளி, வெள்ளை வரி என்றால் தண்ணீர் உப்பு. அதற்குத் தேய்ப்பு வேண்டாம். எலுமிச்சைச் சாறு தொட்ட பட்ஸால் ஒற்றினாலே கரைந்துவிடும்.

4. எடுத்து வைக்க வேண்டியவை, ஆகும் செலவு, நேரம்

கண்ணாடி அல்லது பீங்கான் கிண்ணம் இரண்டு. அலுமினியக் கிண்ணம் வேண்டாம், புளிப்பும் உப்பும் அதை அரிக்கும். குழந்தைகளுக்கான மிக மென்மையான பல் பிரஷ் ஒன்று. பழைய வேட்டித் துணி, நன்றாகத் துவைத்து இளகியது. பாத்திரம் கழுவும் லிக்விட், அல்லது நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் பூந்திக்கொட்டை. எலுமிச்சை, புளி, ஆப்பசோடா, பட்ஸ். கடைசிக் கழுவலுக்கு இரண்டு டம்ளர் கேன் தண்ணீர்.

பாதி வீட்டிலேயே இருக்கும். மிச்சத்தை வாங்க 150 ரூபாய்க்கு மேல் ஆகாது. ஒரு காப்புக்குக் கைவேலை அரை மணி, காய ஒரு மணி. அவசரமாகக் கல்யாணத்துக்குக் கிளம்பும் நேரத்தில் தொடங்காதீர்கள், முந்தின நாள் மாலையே முடித்துவிடுங்கள்.

வாங்கவே கூடாதவை: கம்பி நார், செங்கல் பொடி, பற்பசை. பற்பசையில் தேய்ப்புத் தூள் இருக்கிறது. மென்மையான செம்பில் முடிக் கீறல்களாக விழுந்து, கீறலுக்குள் அழுக்குச் சேர்ந்து சீக்கிரம் கறுக்கும். அம்மோனியா உள்ள பாலிஷ் திரவங்களும் வேண்டாம். வளைத்துச் செய்த பித்தளைச் சேர்க்கை நகையில் அம்மோனியா வெடிப்பை உண்டாக்கும். வெள்ளியை முக்கி எடுக்கும் திரவம் வெள்ளிக்கு மட்டும்தான்.

5. சோப்புத் தண்ணீர்: எந்த நகைக்கும் முதல் வேலை

வெதுவெதுப்பான தண்ணீர் ஒரு டம்ளர், லிக்விட் இரண்டு சொட்டு. பூந்திக்கொட்டை என்றால் இரண்டு கொட்டையை விதை நீக்கி, வெந்நீரில் அரை மணி ஊறவைத்துக் கசக்கி வடிகட்டிய தண்ணீர். நகையை (எட்டாம் படியில் வருகிறவை தவிர) ஐந்து நிமிடம் போட்டு, பிரஷால் ஒரே திசையில் மெல்ல இழுங்கள். வட்டமாகத் தேய்த்தால் கீறல் வட்டமாகத் தெரியும்.

பாதி நகைகள் இந்த இடத்திலேயே தெளிந்துவிடும். கறுப்பு என்று நினைத்தது எண்ணெயும் தூசியும் சேர்ந்த பிசுக்காகத்தான் இருக்கும். அதோடு, பிசுக்கு இருக்கிற இடத்தில் புளிப்பு இறங்காது. சோப்பு வேலையைத் தாண்டிக் குதித்து எலுமிச்சைக்குப் போனால் திட்டுத் திட்டாகத்தான் வெளுக்கும்.

6. புளிப்பு: எதை, எவ்வளவு, எத்தனை நேரம்

வழவழப்பான மோதிரம், வெற்றுக் காப்பு: அரை எலுமிச்சையின் சாற்றில் கால் ஸ்பூன் உப்பு. துணியில் தொட்டு முப்பது வினாடி தேய்த்து, உடனே கழுவிப் பாருங்கள். போதவில்லை என்றால் இன்னொரு முப்பது வினாடி. மொத்தம் இரண்டு நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். அமிலம் கறையைக் கரைக்கிறது, உப்பின் குளோரைடு அந்த வேலையை வேகப்படுத்துகிறது. அதனால்தான் எலுமிச்சை மட்டும் போட்டால் மெதுவாகவும், உப்புச் சேர்த்தால் கண்முன்னேயும் வெளுக்கிறது.

வரைவேலை, முறுக்கு, சங்கிலி: இவற்றுக்கு உப்பு வேண்டாம். இடுக்கில் தங்கும் உப்பைப் பிறகு எடுப்பது பெரும்பாடு. நெல்லிக்காய் அளவு புளியை அரை டம்ளர் வெந்நீரில் கால் மணி ஊறவைத்துக் கரைத்து, மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். வடிகட்டாமல் சக்கையோடு தேய்த்தால் நார் இடுக்கில் மாட்டி, அங்கேயே புளித்துப் பச்சை பிடிக்கும். வடித்த தண்ணீரில் ஐந்து நிமிடம், அதிகம் போனால் பத்து நிமிடம். நம் ஊர்ப் பக்கம் புளிக்குப் பஞ்சமில்லை. உப்புப் போட்டு வைத்த புளியாக இருந்தால் மட்டும் தவிர்த்துவிடுங்கள். மளிகைக் கடையில் சிட்ரிக் ஆசிட் கிடைத்தால் ஒரு டம்ளர் தண்ணீருக்கு ஒரு ஸ்பூன். சக்கை இல்லை, உப்பு இல்லை, இதைவிடச் சுத்தமான வழி வீட்டில் கிடையாது.

இரவு முழுவதும் ஊறவிடாதீர்கள். கறை போன பிறகும் புளிப்பும் காற்றும் சேர்ந்து உலோகத்தை அரித்துக்கொண்டே இருக்கும். எடுக்கும்போது மங்கிய ரோஜா நிறத்தில், சொரசொரப்பாக இருக்கும். அந்தச் சொரசொரப்பைப் போக்கப் பத்தரிடம்தான் போக வேண்டும்.

ஒரே கிண்ணத்தில் செம்பு, வெள்ளி, இரும்பு மூன்றையும் போடக் கூடாது. செம்பு கரைந்த புளிப்புத் தண்ணீரில் ஒரு இரும்பு ஊக்கைப் போட்டுப் பாருங்கள், சற்று நேரத்தில் ஊக்கு சிவந்துவிடும். கரைந்த செம்பு இரும்பின் மேல் படிகிறது. இரும்பும் வெள்ளியும் சேர்ந்து கிடந்தால் வெள்ளியின் மேலும் அதே சிவப்பு ஏறும். சங்கிலியின் கொக்கி இரும்பாக இருந்தால் கொக்கியை வெளியே தொங்கவிட்டுச் சங்கிலியை மட்டும் நனையுங்கள். எடுக்க இரும்பு இடுக்கி வேண்டாம், மரக்குச்சி போதும்.

பித்தளையையும் ஊறவிடாதீர்கள். நெடுநேரம் புளிப்பில் கிடந்த பித்தளை மேலாகச் சிவக்கும். உள்ளே செம்புதான் இருந்திருக்கிறது என்று நினைத்து மேலும் தேய்க்கிறவர்கள் உண்டு.

வேலை முடிந்த தண்ணீரில் செம்பு கரைந்திருக்கிறது. நிறையத் தண்ணீர் விட்டுச் சாக்கடையில் ஊற்றுங்கள். ஆடு மாடு குடிக்கிற தொட்டியிலோ, மீன் வளர்க்கிற தொட்டியிலோ ஒரு சொட்டும் போகக் கூடாது. செம்மறி ஆட்டுக்குச் செம்பு சிறிது கூடினாலே நஞ்சு. புளியை மறுபடி சமையலுக்கு எடுக்கக் கூடாது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

7. புளிப்பை முறிப்பது: யாரும் செய்யாத படி

இத்தனையும் செய்துவிட்டுக் குழாயடியில் காட்டி, துண்டில் ஒற்றி, கையில் போட்டுக்கொள்வார்கள். மூன்றாம் நாள் கறுப்பதற்கு விதை அங்கேதான் விழுகிறது. இடுக்கில் நிற்கிற புளிப்பும் உப்பும் வியர்வை பட்டவுடன் வேலையைத் தொடங்கிவிடும். அதிலும் இப்போது செம்பு போர்வை இல்லாமல் வெறுமையாக இருக்கிறது.

முதலில் ஓடும் தண்ணீரில் ஒரு நிமிடம் கழுவுங்கள். போர் தண்ணீரானாலும் சரி, ஒகேனக்கல் தண்ணீரானாலும் சரி. அடுத்து இரண்டாவது கிண்ணத்தில் ஒரு டம்ளர் தண்ணீருக்கு ஒரு ஸ்பூன் ஆப்பசோடா கலக்கி, நகையை இரண்டு நிமிடம் போட்டு அசைத்துக்கொண்டே இருங்கள். இடுக்கில் புளிப்பு நிறைய மிச்சம் இருந்தால் சிறு குமிழ் கிளம்பும். குமிழ் வந்தால் கிண்ணத்தைக் கொட்டிவிட்டுப் புதுக் கரைசலில் இன்னொரு முறை. பிறகு கேன் தண்ணீரில் இரண்டு முறை அலசுங்கள். மழை பெய்து கூரை நன்றாகக் கழுவப்பட்ட பிறகு பிடித்த மழைத்தண்ணீர் கிடைத்தால் அது கேன் தண்ணீருக்குக் குறைந்ததில்லை. போர் தண்ணீரில் கடைசி அலசலைச் செய்தால் இவ்வளவு பாடும் வெள்ளைப் புள்ளியில் முடியும்.

வெளிர்பச்சை மாவு திரும்பத் திரும்ப வருகிற நகைக்கு எலுமிச்சை உப்பு கூடவே கூடாது. பச்சையை மூங்கில் குச்சி நுனியால் சுரண்டி எடுத்துவிட்டு, கேன் தண்ணீரில் போட்டு, தினமும் தண்ணீரை மாற்றி ஒரு வாரம் வையுங்கள். குழிக்குள் இருக்கும் உப்பு மெல்ல மெல்லத் தண்ணீருக்கு வரும். பிறகு நன்றாகக் காயவைத்து, தனிக் கவரில் இரண்டு வாரம் வைத்துப் பாருங்கள். பச்சை வரவில்லை என்றால் பிழைத்தது.

காயவைப்பதில் கஞ்சத்தனம் வேண்டாம். துணியால் ஒற்றி, ஃபேனுக்கு அடியில் ஒரு மணி நேரம். சங்கிலியை நீட்டிப் போடுங்கள், சுருட்டி வைத்தால் நடுவில் ஈரம் நிற்கும். ஹேர் டிரையர் இருந்தால் குறைந்த சூட்டில் ஐந்து நிமிடம் காட்டலாம், பசை வைத்து ஒட்டிய கல் இருந்தால் அதுவும் வேண்டாம். காய்ந்த பிறகு, சலித்த நைஸ் விபூதியை ஒரு சிட்டிகை வேட்டித் துணியில் தொட்டு நாலு இழுப்பு. பளபளப்பு அப்போதுதான் எழும்.

8. ஊறவைக்கவே கூடாத நகைகள்

தாயத்து. வெளிக்குழாய் செம்பு, உள்ளே சுருட்டிய தகடு, வாயில் அரக்கோ மெழுகோ. வெந்நீர் பட்டால் அரக்கு இளகும், உள்ளே தண்ணீர் போனால் வெளியே வராது, தகட்டின் எழுத்து பச்சையில் மறையும். கயிற்றிலிருந்து கழற்றிக்கொள்ளுங்கள். எலுமிச்சைச் சாறு தொட்டுப் பிழிந்த பட்ஸால் குழாயின் வயிற்றை மட்டும் துடையுங்கள், வாய்ப்பக்கம் ஒரு விரற்கடை விட்டுவிடுங்கள். அதே மாதிரி சோடா தொட்ட பட்ஸ், பிறகு தண்ணீர் தொட்ட பட்ஸ், பிறகு உலர்ந்த துணி. பழைய கறுப்புக் கயிற்றில் வருடக்கணக்கான வியர்வை உப்பு ஏறியிருக்கும். கயிற்றை மாற்றாமல் தாயத்தை மட்டும் சுத்தம் செய்தால் ஓட்டையைச் சுற்றிப் பச்சை உடனே வரும்.

முத்து, பவளம் வைத்த மோதிரம். இரண்டும் சுண்ணாம்புச் சத்து, புளிப்பு பட்டால் மேல்மினுக்குப் போய்விடும். திரும்ப வராது. செம்பு பூண் போட்ட ருத்ராட்சமும் இதே கணக்கு, பூணை மட்டும் பட்ஸால் துடையுங்கள்.

செம்பு, பித்தளை, இரும்பு மூன்றையும் முறுக்கிச் செய்த காப்பு. இதைப் புளியில் போட்டால் இரும்பு இழை முதலில் சிவக்கும், மறுநாள் துரு ஏறும், ஒரே வாரத்தில் மூன்று இழையும் ஒரே அழுக்கு நிறத்துக்கு வந்துவிடும். சோப்புத் தண்ணீர், உடனே உலர்த்தல், அத்தோடு சரி.

9. பளபளப்பைக் கொஞ்ச நாள் பிடித்து வைக்க

தேய்ப்புத் தூள் கலக்காத கார் மெழுகை அரிசி அளவு எடுத்து, நகை முழுவதும் மெல்லத் தடவி, பத்து நிமிடம் கழித்துத் துணியால் துடைத்துவிடுங்கள். தினமும் போடுகிற காப்பில் மெழுகு சீக்கிரம் தேயும், மாதம் ஒரு முறை தடவ வேண்டியிருக்கும். உள்ளே வைத்திருக்கும் நகையில் பல மாதம் நிற்கும்.

மோதிரத்தின் உள்பக்கம் மட்டும் நிறமில்லாத நெயில் பாலிஷ் ஒரு கோட் அடித்தால் விரல் பச்சையாகாது. இரண்டு மூன்று வாரத்தில் ஓரம் உரியத் தொடங்கும். உரிந்ததன் மேலேயே அடுத்த கோட் அடிக்காதீர்கள், பழையதை முழுக்க எடுத்துவிட்டு அடியுங்கள். தேங்காய் எண்ணெய் தடவி வைப்பது பழக்கம்தான், அன்றைக்கு மினுமினுக்கும். நாள்பட எண்ணெய் காறி, செம்போடு சேர்ந்து பச்சைப் பிசுக்காகிறது.

10. கழற்ற வேண்டிய நேரங்கள்

மாந்தோப்பில் பூ எடுக்கும் காலத்தில் சாம்பல் நோய்க்குக் கந்தகம் தெளிப்பார்கள். தெளிக்கிற அன்று காப்பும் மோதிரமும் வீட்டில் இருக்கட்டும். அந்தக் கறுப்பு ஒரே நாளில் ஏறும். மாம்பழக்கூழ் ஆலை வேலை, ராயக்கோட்டை, பாலக்கோடு பக்கம் தக்காளி பறிக்கும் வேலை இரண்டிலும் புளிப்பு நாள் முழுவதும் கையில் இருக்கும். இரண்டு நிமிடத்தைத் தாண்ட வேண்டாம் என்று ஆறாம் படியில் சொன்னதை எட்டு மணி நேரம் செய்தால் எப்படி இருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். பிளீச்சிங் பவுடர் போட்டுத் தொட்டி கழுவும்போதும், தலைக்குச் சாயம் பூசும்போதும் கழற்றுங்கள்.

ஒகேனக்கலில் எண்ணெய் தேய்த்துக் குளிக்கப் போனால் கரையிலேயே கழற்றி உலர்ந்த கவரில் போடுங்கள். எண்ணெய்க் கையிலிருந்து காப்பு வழுக்கி ஆற்றில் விழுந்தால் அவ்வளவுதான்.

மோட்டார் ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறக்கும் முன் கட்டாயம் கழற்றுங்கள். செம்பைவிட நன்றாக மின்சாரம் கடத்துகிற உலோகம் வெள்ளி ஒன்றுதான்.

வாய் திறந்த காப்பை அணிகிற விதத்தையும் இங்கேயே சொல்லிவிடலாம். தினமும் இரண்டு முனையையும் விரித்து, போட்டு, மறுபடி அழுத்தி மூடுவார்கள். வளைக்க வளைக்கச் செம்பு இறுகும். ஒருநாள் நேர் பின்பக்கத்தில் முடியளவு வெடிப்பு விட்டு இரண்டாகப் போகும். விரிக்காதீர்கள். மணிக்கட்டின் பக்கவாட்டில், எலும்புக்கு மேலே சதை குறைந்த இடத்தில் வாயை வைத்து உருட்டி ஏற்றுங்கள். அளவு சரியில்லை என்றால் பத்தரிடம் கொடுத்து ஒரே முறையாக மாற்றிக்கொள்ளுங்கள். அவர் பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டால் செம்பு திரும்ப இளகிவிடும்.

11. வைக்கும் இடம், செய்யும் இடைவெளி

ஒரு நகைக்கு ஒரு ஜிப் கவர். காற்றை அழுத்தி வெளியேற்றி மூடுங்கள். மாத்திரை டப்பா, செருப்புப் பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று உள்ளே இருந்தால் ஐப்பசி, கார்த்திகை ஈரத்தைத் தாங்கும். செய்தித்தாள், ரப்பர் பேண்டு, குங்குமச் சிமிழ், உப்பு ஜாடி இருக்கும் அலமாரி எதுவும் வேண்டாம். பூஜை அறையில் விளக்கு எண்ணெய்ப் புகை படிகிற இடமும் வேண்டாம்.

தினமும் போடுவதை இரவு கழற்றி உலர்ந்த துணியால் ஒரு துடைப்பு. வாரம் ஒரு முறை சோப்புத் தண்ணீர். புளிப்பு வேலை மூன்று மாதத்துக்கு ஒரு முறைக்கு மேல் வேண்டாம். ஓசூர்க் குளிருக்கும் தர்மபுரி வெயிலுக்கும் வியர்வைக் கணக்கு வேறு. கோடையில் வெயில் வேலை செய்பவர்கள் சோப்புத் தண்ணீரை வாரம் இரண்டாக்கலாம், புளியைக் கூட்ட வேண்டாம்.

12. பத்தரிடம் கொடுக்கும்போதும் புதிதாக வாங்கும்போதும்

வெடிப்பு, அறுந்த வளையம், சொரசொரத்துப்போன மேல்பரப்பு, அசிட்டோனுக்கும் கரையாத லாக்கர் இவற்றுக்கு வீட்டு வைத்தியம் இல்லை. கொடுக்கும் முன் நாலு பக்கமும் போன் கேமராவில் படம் எடுத்து, எடை போட்டுச் சீட்டில் எழுதி வாங்குங்கள். கூலியை முன்பே பேசிவிடுங்கள். நகை மலிவு, கூலி மலிவாக இருக்காது, சில நேரம் புதுக் காப்பின் விலையே வந்து நிற்கும். வரைவேலை இருந்தால் "மெஷின் பஃபிங் வேண்டாம், கைப்பாலிஷ் போதும்" என்று தெளிவாகச் சொல்லுங்கள். சுழலும் பஃப் மேட்டைத் தேய்த்துப் பள்ளத்தோடு சமமாக்கிவிடும்.

வாங்கும்போது ஹால்மார்க் தேடாதீர்கள். பி.ஐ.எஸ். என்ற இந்தியத் தர நிர்ணய அமைப்பின் ஹால்மார்க் தங்கத்துக்கும் வெள்ளிக்கும்தான், செம்புக்குக் கிடையாது. அதனால் பில்தான் உங்கள் கையில் இருக்கும் ஒரே சான்று. அதில் "செம்பு" என்றோ "செம்பு முலாம்" என்றோ தெளிவாக எழுதச் சொல்லுங்கள். வெறுமனே "ஃபேன்ஸி" என்று எழுதிய பில்லை வாங்காதீர்கள். எடை கிராமில், லாக்கர் பூசியதா இல்லையா, மாற்றித் தர எத்தனை நாள் என்ற மூன்றும் பில்லிலேயே வரட்டும். மூட்டுவலி தீரும் என்று சொல்லி விலையை ஏற்றினால் அதற்காக ஒரு ரூபாயும் கூடுதலாகக் கொடுக்க வேண்டாம். செப்புக் காப்பு மூட்டுவலியைக் குறைப்பதாக ஆய்வுகளில் உறுதிப்படவில்லை. மருத்துவர் கொடுத்த மாத்திரையை அதை நம்பி நிறுத்தவும் கூடாது.

செம்பு என்று எழுதிக் கொடுத்தது காந்தத்தில் ஒட்டினால் முதலில் பில்லோடு கடைக்கே போங்கள். அங்கே நியாயம் கிடைக்காவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மேல் போக வேண்டுமானால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் மனு கொடுக்கலாம். பில்லின் மை வெயிலில் வெளுத்துப் போகிற வகை என்பதால் வாங்கிய அன்றே அதையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.